தரகரில்லாமல் வீடு விற்றல்

கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ ஒரு வீடு விலைக்கு வருகிறது என்ற செய்தி, அவ்வீட்டார் வாய் திறந்து சொல்லுமுன்னரே ஊரிற் பரவிவிடுவது வழக்கம். காலையிற் குசினியில் உம்மாவும் மகளும் மெல்லப் பேசிக்கொண்டது, அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளிவரும் வேளையில் பள்ளிவாசல் முற்றத்தில் விலையோடு சேர்த்துப் பேசப்படுகிறது. கிழக்கே கடல், மேற்கே வயலும் களப்பும். இவ்விரண்டுக்கும் இடையே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில், மருதமுனை தொடங்கி நிந்தவூர் வரை, இடையிடையே தமிழ்க் கிராமங்களும் விரவி, மதிலோடு மதில் முட்டும்படி வீடுகள் நெருங்கி நிற்கின்றன. வளவு தேடுவோர் எந்நாளும் உண்டு. வளவோ புதிதாய் முளைப்பதில்லை. இத்தகைய ஊரில் வீடு வாங்க ஆள் தேடுவதற்கென்று தரகர் ஒருவர் வேண்டுமா என்று விற்பவர் கேட்பது நியாயமே.

தரகர் செய்யும் தொழில் யாது? வாங்க விரும்புவோரை அழைத்து வருகிறார். இரு தரப்பாரும் நேருக்கு நேர் சொல்லக் கூசும் வார்த்தைகளை அங்குமிங்கும் சுமக்கிறார். பேச்சு முடிந்ததும் கூலி பெறுகிறார். கொழும்பிலுள்ள முகவர் நிலையங்கள் விற்ற விலையில் நூற்றுக்கு மூன்று வீதம் கேட்பது பொதுவான வழக்கம். ஐம்பது இலட்சம் ரூபா பெறும் வீட்டுக்கு அது ஒன்றரை இலட்சம். ஊர்த் தரகரின் கூலி ஆளுக்கும் பேச்சுக்கும் தக்கபடி கூடிக் குறையும். விற்பவர் கேட்ட தொகைக்கு மேலே கிடைப்பதெல்லாம் தரகருக்கே என்னும் ஏற்பாடும் உண்டு. அவ்வேற்பாட்டுக்கு இணங்குவோர், தம் வீடு என்ன விலைக்குப் போயிற்று என்பதைத் தாமே அறியாது போவதும் உண்டு.

இவை யாவும் பலரும் அறிந்தவை. ஆனால் தரகர் செய்யாத காரியம் ஒன்று இருக்கிறது. அந்த வீடு உண்மையில் யாருடையது என்பதை அவர் நிச்சயப்படுத்துவதில்லை. கல்முனைக் கரையில் வீடு விற்பதிலுள்ள கடினமெல்லாம் இந்த ஒரு கேள்விக்குள்ளேதான் அடங்கியிருக்கிறது. ஆளைத் தேடுவது இங்கே இலகு. உரிமையைத் தெளிவாக்குவதே வேலை.

ஏன் எனில், இக்கரையில் வீடு பெரும்பாலும் பெண்ணுடையது. கிழக்கிலங்கையின் முஸ்லிம்களிடத்தும் அயலிலுள்ள தமிழரிடத்தும் குடி என்பது தாய்வழியாக வருவது. மணமுடித்த ஆடவன் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்வது. மகள் பருவமடைந்த நாள் முதல் பெற்றாரின் கவலையெல்லாம் அவளுக்கு ஒரு வீடு என்பதுதான். கல்லும் சீமெந்தும் சிறிது சிறிதாகச் சேர்கின்றன. வெளிநாட்டிலிருந்து காக்கா அனுப்பும் பணம் சுவராகிறது, கூரையாகிறது. வசதி குறைந்த குடும்பத்திலே மூத்த மகளுக்குத் தாம் இருந்த வீட்டையே கொடுத்துவிட்டு, பெற்றார் அதே வளவில் ஒரு சிறு வீட்டுக்கோ வேறு வளவுக்கோ ஒதுங்குவர். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 ஆம் ஆண்டு முதல் அக்கரைப்பற்றிலே தங்கி ஆராய்ந்து, 2008 ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில் இந்தச் சீதன வீட்டு முறையை விரிவாக எழுதியிருக்கிறார். வெளியூரார் வியப்போடு படிக்கும் அந்தச் செய்தி, இவ்வூர்ப் பெண்களுக்கு அன்றாட வாழ்வு.

ஆகவே இங்கு ஒருவர் வீட்டை விற்கிறார் என்றால், அனேகமாக ஒரு பெண் தன் சீதனத்தை விற்கிறாள் என்பதே பொருள். விலை பேசுவது கணவராயிருக்கலாம், தமையனாயிருக்கலாம், மருமகனாயிருக்கலாம். கையொப்பமிட வேண்டியவள் அவள்.

விதவைத் தாய் ஒருவரை உதாரணமாகக் கொள்ளலாம். சாய்ந்தமருதில் அவருக்கு இருபது பேர்ச் வளவும், அதன் நடுவே ஒரு பழைய கல்வீடும் உண்டு. மகள்மார் இருவர், மகன் கட்டாரிலே தொழில் செய்கிறார். மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்திருக்கிறது. வளவை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி கொடுக்கலாமென்றால் வீடு நடுவிலே நிற்கிறது. பிரித்தாற் சுவர் இடிய வேண்டும். பிரதான வீதிக்கு அண்மையிலிருப்பதால் அவ்வளவு நல்ல விலை பெறும். அதை விற்று, உள்ளே தள்ளி இரண்டு சிறு வளவுகள் வாங்கினால் மகள்மார் இருவருக்கும் தனித்தனி வீடாகும் என்பது அவருடைய எண்ணம். தரகுக்கென்று போகும் ஒன்றரை இலட்சம் அவருடைய கணக்கில் ஒரு குளியலறைக்கும் கிணற்றுக்குமான பணம்.

‘வீடு என்னுடையதுதான், என் உம்மா எனக்குத் தந்தது’ என்பார் அவர். அதிற் பொய்யில்லை. ஆயினும் உறுதியை எடுத்துப் பார்க்கவேண்டும். சீதன வீட்டை மகளின் பேரில் மட்டும் எழுதுவதும் உண்டு. மகள், மருமகன் இருவர் பேரிலும் எழுதுவதும் உண்டு. இந்தத் தாயின் உறுதி இருவர் பேரிலும் எழுதப்பட்டதாயின், கணவர் இறந்த அன்றே அவருடைய பாதி பலருடையதாகிவிட்டது. மரணசாசனம் எழுதாது இறந்த முஸ்லிம்களின் ஆதனம், 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, இறந்தவர் சார்ந்த பிரிவின் இஸ்லாமிய வாரிசுரிமை விதிக்கேற்பப் பங்கிடப்படும். கணவரின் பெற்றார் முன்னரே காலமாகியிருந்தால், பிள்ளைகளுள்ள மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதிலே மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. வீடு முழுவதையும் அறுபத்துநான்கு பங்காகக் கொண்டால் தாய்க்கு முன்னரே உள்ள பாதி முப்பத்திரண்டு; கணவரின் பாதியிலிருந்து நான்கு; ஆக முப்பத்தாறு. மகனுக்குப் பதினான்கு. மகள் ஒவ்வொருத்திக்கும் ஏழு. இதுவே அந்த வீட்டின் உண்மையான கணக்கு.

முப்பத்தாறு பங்கு உடையவர் அறுபத்துநான்கையும் விற்க இயலாது. தம் பங்கை மட்டும் விற்கச் சட்டம் இடந்தரும். அப்படிப் பங்கு வாங்க அறிந்தவர் எவரும் முன்வரார், முன்வருபவர் அடிமாட்டு விலை கேட்பார். பிள்ளைகள் மூவரும் உறுதியில் ஒப்பமிட வேண்டும். கட்டாரிலுள்ள மகன், அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோனித் தத்துவம் எழுதி அனுப்பலாம்; அது வீட்டை விற்கும் அதிகாரத்தைத் தெளிவாகச் சொல்லி, வளவை எல்லைகளோடு குறிப்பிட்டு, இங்கு பதியப்பட்டதாய் இருத்தல் நலம். இளைய மகள் பதினெட்டு வயது நிரம்பாதவளாயின் அவளுடைய ஏழு பங்குக்கு மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். இறந்தவரின் ஆதனம் சட்டம் வகுத்த பெறுமதியைக் கடக்குமாயின், அதை நிருவகிக்கும் அதிகாரத்தையும் நீதிமன்றத்திற் பெறவேண்டியிருக்கும். இவற்றுக்கெல்லாம் மாதங்கள் செல்லும். வாங்குவோர் வாசலில் வந்து நின்ற பின் இதைத் தொடங்கினால் அவர் வேறு வளவு பார்த்துப் போய்விடுவார். விலையை வாயாற் சொல்லுமுன் இவ்வேலையைத் தொடங்கியவரே பின்னர் நிமிர்ந்து நின்று பேரம் பேச முடியும்.

இன்னொரு சிக்கலும் இக்கரையில் அடிக்கடி எழுவதுண்டு. மகளுக்கு நன்கொடை உறுதி எழுதும் பெற்றார், தாம் உயிரோடிருக்குமட்டும் அவ்வீட்டை அனுபவிக்கும் சீவிய உரித்தைத் தமக்கென வைத்துக்கொள்வது வழக்கம். பல ஆண்டுகளுக்குப் பின் மகள் அதை விற்க முனையும்போது அவ்வரியை எல்லோரும் மறந்திருப்பர். வாங்குபவரின் நொத்தாரிசு மறக்கமாட்டார். முதிய உம்மாவும் வாப்பாவும் தம் உரித்தை விட்டுக்கொடுத்து ஒப்பமிட்டாலன்றி வீடு கைமாறாது. அந்த ஒப்பத்தை அவசரத்தில் வாங்குவது முறையன்று. அவர்கள் எங்கே போய் இருப்பார்கள் என்பதற்கு விடை கண்ட பின்னரே தாளை நீட்டவேண்டும்.

உறுதியே இல்லை என்பாரும் உளர். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி வந்த ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்திற் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மிகுந்த உயிரிழப்பு இம்மாவட்டத்துக்கே. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோரத் தெருக்கள் முழுதாகவே அழிந்தன. பெட்டியோடு போன உறுதிகள் எத்தனையோ. உறுதி போனால் காணியும் போயிற்று என்று எண்ணி, அரை விலைக்குக் கொடுத்துவிடத் துணிந்தவரும் உண்டு. அஃது அறியாமையால் வந்த இழப்பு. ஒவ்வோர் உறுதியும் மூன்று படிகளாக எழுதப்படுகிறது: ஒன்று உரியவர் கையில், ஒன்று நொத்தாரிசிடம், மற்றொன்றை நொத்தாரிசு அடுத்த மாதம் பதினைந்தாம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டம். கடல் கொண்டுபோனது முதலாவதை மட்டுமே. பதிவகத்தில் விண்ணப்பித்து, அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம்.

பதிவகத்தில் தேடும்போது நினைவில் வைக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அம்பாறை மாவட்டம் 1961 ஆம் ஆண்டிலேதான் தனியாக அமைந்தது; அதற்கு முன் கல்முனை மட்டக்களப்பு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. ஆதலால் முப்பாட்டி காலத்து உறுதியிலே ‘மட்டக்களப்பு’ என்றும் ‘கரைவாகுப்பற்று’ என்றும் எழுதியிருப்பதைக் கண்டு, இது வேறு காணி என்று மயங்கலாகாது. எல்லைகளும் அவ்வாறே. வடக்கே இன்னாருடைய வளவு, கிழக்கே ஒழுங்கை என்று எழுதிய நாளில் இருந்த ‘இன்னார்’ இன்று இல்லை. அவருடைய பேத்தி இருக்கிறாள். அனுமதி பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு புதிதாக அளந்து வரைபடம் எடுப்பது நலம். அளக்கும் நாளில் நாற்புறத்து அயலவரையும் அழைத்து நிறுத்தினால், மதில் ஓரடி இப்பால் வந்ததா அப்பால் போனதா என்ற சண்டை, விற்ற பின் எழாமல் அன்றே தீரும். பிறர் காணியிற் பத்தாண்டு தடையின்றி, உரிமை கொண்டாடி இருந்தவர் அதற்கு உரித்துக் கோர 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இடந்தருகிறது. எனவே அந்த ஓரடியை அற்பம் என்று விடுவதற்கில்லை.

தனியார் உறுதிக் காணியல்லாத காணிகளும் உண்டு. அரசாங்கம் அனுமதிப்பத்திரம், அதாவது ஊரார் ‘பேமிற்’ என்று சொல்வது, கொடுத்துக் குடியேற்றிய காணியை உறுதிக் காணி போல விற்க முடியாது. பிரதேச செயலகத்தின் வழியாக அனுமதி வேண்டும். கடற்கரையிலிருந்து 300 மீற்றர் வரையுள்ள பகுதி, 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. அங்கு வீட்டை விற்கலாமாயினும், வாங்குபவர் இடித்துக் கட்ட எண்ணினால் அனுமதி பெறவேண்டும். மேற்குப் பக்கத்தில் வயலை நிரவி எழுப்பிய வீடுகளுக்கு, வயல் நிரவ அனுமதி பெறப்பட்டதா என்று கேட்பார்கள். 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் அவ்வனுமதியை வேண்டுகிறது. ஆழிப்பேரலைக்குப் பின் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகளின் வரலாறு தனிக் கதை. பெண்ணின் சீதன வீடு அழிந்துபோக, அதற்கீடாக வந்த வீடு ‘குடும்பத் தலைவர்’ என்று கணவர் பேரில் எழுதப்பட்ட இடங்கள் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பெண்வழி வந்த உரிமை ஒரு படிவத்தின் ஒரு கோட்டிலே மாறிப்போயிற்று. அத்தகைய வீட்டை விற்க நினைக்கும் குடும்பம், தாளிற் பேருள்ளவரைக் கேட்பதோடு நில்லாமல், எந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஈடாக அது வந்ததோ அவளையும் கேட்பது கடமை. சட்டம் வற்புறுத்தாவிடினும் ஊர் அறியும்.

உரிமை தெளிந்தபின் விலை. ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி. நூற்றறுபது பேர்ச் ஓர் ஏக்கர். ஊரிற் பேர்ச் கணக்கிலேயே விலை சொல்கிறார்கள். அதே ஒழுங்கையில் அண்மையில் விற்ற வளவுகள் என்ன விலைக்குப் போயின என்பதை மூன்று நான்கு பேரிடம் தனித்தனியாகக் கேட்டறியவேண்டும். விற்றவர் சற்றுக் கூட்டிச் சொல்வார், வாங்கியவர் சற்றுக் குறைத்துச் சொல்வார்; உண்மை நடுவிலிருக்கும். பதிவகத்து உறுதியிலுள்ள தொகையை மட்டும் நம்பலாகாது. முத்திரை வரிக்கு அஞ்சிக் குறைத்து எழுதும் தீய வழக்கம் நாடெங்கும் இருக்கிறது. பழைய கல்வீட்டுக்கெனத் தனி விலை வைப்பது பெரும்பாலும் பலிப்பதில்லை. இவ்வூர்களில் வாங்குவோர் வளவைத்தான் வாங்குகிறார்கள். வீட்டைப் பெரும்பாலும் இடிக்கவே எண்ணுகிறார்கள். அங்கே பிறந்து வளர்ந்தவருக்கு இது மனத்தைச் சுடும் செய்திதான். ஆயினும் முதலிலேயே அறிந்திருந்தால் பேரத்தின் நடுவே கண் கலங்க நேராது.

விற்பனைச் செய்தியை அறிவிப்பதற்கு இக்காலத்தில் முகநூலும் கைத்தொலைபேசியும் உண்டு. வெளிநாட்டிலுள்ள ஊரவரை எட்ட அவை உதவும். எனினும் முதலில் அயலவரிடம் சொல்வது இவ்வூர் மரபு. யாழ்ப்பாணத்துத் தேசவழமைக்கு உட்பட்டவர்களிடையே பங்காளிக்கும் உறவினருக்கும் முன்னுரிமை கொடுக்கும் விதி 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகவே எழுதப்பட்டிருக்கிறது. கல்முனையில் அப்படிச் சட்டமில்லை, மரியாதை உண்டு. நபிகளாரின் தோழர் அபூ ராபிஃ என்பவர், ஸஃது இப்னு அபீ வக்காஸ் அவர்களின் வளவிலிருந்த தம் இரு வீடுகளை அவருக்கே விற்ற செய்தி ஹதீஸ் நூல்களில் வருகிறது. பிறர் ஐந்நூறு தீனார் தர முன்வந்திருந்தும், ஸஃது தவணையிலே தருவதாகச் சொன்ன நாலாயிரம் திர்ஹத்துக்கு, அயலவருக்கே உரிமை அதிகம் என்னும் நபிமொழியை நினைந்து கொடுத்தார் என்பது வரலாறு. தரகர் எவருமின்றி, இருவரும் நேரிற் பேசி முடித்த விற்பனை அது. மகள்மார் இருவரைக் கரைசேர்க்க வேண்டிய விதவை அவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கமாட்டார். அயலவருக்கு முதலிற் சொல்வது அவராலும் ஆகும்.

இங்கேதான் தரகருக்குரிய இடத்தை மறைக்காமற் சொல்லவேண்டும். ஆடவர் துணையில்லாத வீட்டுக்கு அந்நிய ஆடவர் விலை பேச வருவதை இவ்வூர்கள் விரும்புவதில்லை. தாயும் குமர்ப்பிள்ளைகளும் மட்டும் இருக்கும் வீட்டில், அறை அறையாக யார் யாரோ வந்து பார்ப்பதும் சங்கடம். தரகரை நாடும் பெண்களுட் பலர் ஆள் தேடுவதற்காக நாடுவதில்லை. நடுவே ஒருவர் நிற்பதற்காகவே நாடுகிறார்கள். அந்த இடத்தை வேறொருவர் நிரப்பலாம். தாயின் உடன்பிறந்தவரோ, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரோ, பள்ளிவாசல் நிருவாகத்தில் மதிப்புள்ள பெரியவரோ கூலியின்றி அமர்வார். அவர் செய்யவேண்டியது ஒன்றே: கூடத்தில் இருத்தல். பேசவேண்டியவர் வீட்டுக்காரியே.

“ராத்தா, பேர்ச்சுக்கு இன்னும் கொஞ்சம் குறைச்சுச் சொல்லுங்க. அயல் வீட்டான் நான்” என்று அயலவர் கேட்கிறார்.

“தம்பி, உங்களுக்கெண்டுதான் முதலிற் சொன்ன நான். இதுக்கு மேல குறைச்சா என்ட இளையவளுக்கு வளவு இல்ல” என்று கதவோரத்திலிருந்து தாய் சொல்கிறார்.

தரகர் இந்த வார்த்தையைச் சுமந்து சென்றிருந்தால், ‘கொஞ்சம் இறங்குவாங்க போல’ என்று மாறிப் போயிருக்கக்கூடும்.

குறைகளை ஒளிக்காதிருத்தல் வேண்டும். மாரியிலே ஒழுங்கையில் வெள்ளம் நிற்குமாயின், கிணற்று நீர் உவர்க்குமாயின், வங்கியில் வீடு ஈடாக இருக்குமாயின், முதற் சந்திப்பிலேயே சொல்லிவிடவேண்டும். பொருளின் குறையை மறைத்து விற்பது மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதை இவ்வூர் வியாபாரிகள் சிறு வயதிலேயே ஓதியவர்கள். அதற்கப்பால், அயலவருக்கு விற்றுவிட்டு அதே ஊரில் வாழப்போகிறவருக்கு மறைத்துவைக்க இடமேது?

பேச்சு முடிந்ததும் முற்பணம். பெரும்பாலான துன்பங்கள் இங்கே பிறக்கின்றன. வெறுந்தாளில், முத்திரை ஒட்டி, ‘இத்தனை இலட்சம் பெற்றுக்கொண்டேன், மூன்று மாதத்தில் உறுதி முடிப்பேன்’ என்று எழுதிக் கொடுத்துப் பணம் வாங்குகிறார்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பதற்கான உறுதி மட்டுமன்றி, விற்பதாகச் செய்துகொள்ளும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்பட்டாலன்றிச் செல்லாது. வெறுந்தாளைக் கொண்டு வாங்குபவர் வீட்டைக் கேட்கவும் முடியாது. விற்பவர் அவரைப் பிடித்து நிறுத்தவும் முடியாது. அந்தத் தாய் முற்பணத்தை நம்பி உள்ளூரிற் சிறு வளவுக்குத் தம் முற்பணத்தைக் கொடுத்திருப்பார். வாங்குபவர் பின்வாங்கினால் இரண்டு முனையும் அறுந்துபோகும். ஆதலால் நொத்தாரிசிடம் உடன்படிக்கை எழுதி, மீதிப் பணத்துக்குரிய திகதியையும், தவறினால் முற்பணம் என்னாகும் என்பதையும் அதிலேயே குறிப்பிடவேண்டும். மகளின் திருமண நாளுக்கு மிக நெருங்கிய திகதியை ஏற்கலாகாது. விற்பவரின் அவசரத்தை அறிந்தவர் இறுதி வாரத்தில் விலை குறைப்பார்.

நொத்தாரிசின் கட்டணத்தையும் முத்திரை வரியையும் வழக்கமாக வாங்குபவரே செலுத்துவார். முத்திரை வரி முதல் ஓர் இலட்சத்துக்கு நூற்றுக்கு மூன்று, அதற்கு மேற்பட்டதற்கு நூற்றுக்கு நான்கு. ஐம்பது இலட்சம் ரூபா விலைக்கு ஓர் இலட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரம் ஆகும். இத்தொகை பெரிதாகத் தெரிவதால், ‘உறுதியில் இருபது இலட்சம் என்று போடுவோம், மீதியைக் கையிலே தருகிறேன்’ என்று வாங்குபவர் சொல்லக்கூடும். சட்டத்துக்கு மாறானது என்பது ஒருபுறமிருக்க, அதனால் விற்பவருக்கு யாதொரு நயமும் இல்லை. மீதி முப்பது இலட்சம் வராவிடின் எந்த நீதிமன்றத்தில் எந்தத் தாளை நீட்டுவார்? ஆதாய வரிக்கு அஞ்சியும் குறைக்க வேண்டியதில்லை. மூன்றாண்டு தொடர்ந்து உரிமையாயிருந்து, அவற்றுள் இரண்டாண்டேனும் தாம் வாழ்ந்த வீட்டை விற்போருக்கு 2017 ஆம் ஆண்டின் உண்ணாட்டு இறைவரிச் சட்டத்தில் விலக்கு உண்டு.

வாங்குபவர் மாநகர சபையிலிருந்து சில சான்றுகளைக் கேட்பார். சோலைவரி நிலுவையின்றிச் செலுத்திய பற்றுச்சீட்டு, வீதி அகலிப்புக்காக வளவின் எப்பகுதியும் ஒதுக்கப்படவில்லை என்னும் வீதி எல்லைச் சான்று, வீடு அனுமதித்த வரைபடப்படி கட்டப்பட்டது என்பதற்கான பத்திரம் ஆகியவை அவை. இவற்றை முன்கூட்டியே எடுத்து ஓர் உறையில் வைத்திருக்கும் விற்பனையாளரைக் கண்டால், வாங்குபவரின் பேச்சே மாறிவிடும்.

உறுதி முடிக்கும் நாளில் தாய் நேரிற் போகவேண்டும். கண்பார்வை குறைந்தவராயினும், எழுத்தறியாதவராயினும், உறுதியை அவருக்கு விளங்கும் மொழியில் வாசித்து விளக்குவது நொத்தாரிசின் கடமை. ‘மகன் பார்த்துக்கொள்வான்’ என்று சொல்லிக் கைநாட்டு வைத்துவிட்டு வருதல் ஆகாது. தம் முன்னிலையில் எவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது என்பதை நொத்தாரிசு தம் அத்தாட்சியிற் குறிப்பிடவேண்டும் என்பதும் சட்டமே. பணம் வங்கிக் காசோலையாக அங்கேயே கைமாறுவது சிறந்தது. அது தாயின் பேரிலுள்ள கணக்கிற்குப் போகவேண்டும். பிள்ளைகளின் பங்கை அவர் பின்னர் கணக்கிட்டுக் கொடுக்கலாம். மகன் தம் பதினான்கு பங்கைச் சகோதரிகளுக்காக விட்டுக்கொடுப்பது இக்கரையில் அரிதன்று. அப்படி விட்டுக்கொடுத்தால் அதையும் எழுதி வைப்பது பிற்காலத்து மருமக்கள்மாருக்கு நல்லது.

வாங்குபவர் உறுதியைத் தாமதமின்றிப் பதிவார். பதியாத உறுதியைப் பின்வந்த பதிந்த உறுதி முந்திவிடும் என்று 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்வதால், அது அவருடைய அவசரம். தாய்க்கு எஞ்சியிருப்பவை சிறு வேலைகள். மின்மானியின் அளவைக் குறித்து வைத்து, கணக்கை மாற்றச் சொல்லவேண்டும். தண்ணீர் மோட்டார் விலையிற் சேர்ந்ததா, கழற்றிக் கொண்டுபோவதா என்பது முன்னரே பேசி முடிந்திருக்கவேண்டும். வளவின் பின்புறத்துத் தென்னைகளிற் பறிக்கக் காய் இருக்கிறது. சாவி கொடுக்கும் நாள்வரை தேங்காய் யாருக்கு என்பதை உடன்படிக்கையில் எவரும் எழுதவில்லை. அயலவராகிய புதிய உரிமையாளர், ‘ராத்தா, பறிச்சுக்கொண்டு போங்க’ என்கிறார். தாய் பாதியைப் பறிப்பித்து, பாதியை மரத்திலேயே விட்டுச் செல்கிறார்.